பள்ளிப் பிள்ளைகள் நம் கடைக்கு வந்தால்



தொடக்கப் பள்ளிகளில் இப்போது புத்தகத்தைப் படித்துக் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ல் செயல்வழிக் கற்றல் பரவியது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். ஆகவே பல பள்ளிகளில் வகுப்பறையிலேயே கடை போடுகிறார்கள். காகிதத்தில் நோட்டு வெட்டி, புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் சரக்காக வைத்து, ஒரு பிள்ளை விற்க மற்றவர்கள் வாங்குகிறார்கள். விலை கேட்பதும் மீதிச் சில்லறை எண்ணுவதும் விளையாட்டாகவே வந்துவிடுகிறது. பிறகு அவர்களை உண்மையான சந்தைக்கு அழைத்து வருகிறார்கள். அங்கே ஆசிரியர் நாம்தான்.

எங்கள் வெங்காய மண்டிக்கு 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரிய வெங்காயம் நாசிக் பக்கமிருந்தும், சின்ன வெங்காயம் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கமிருந்தும் வருவதைச் சொன்னோம். ஒரு சிறுமி எழுந்து, “தாத்தா, 20 ரூபாய்க்கு வாங்கி 28 ரூபாய்க்கு விற்றால் 8 ரூபாயும் உங்களுக்கா?” என்றாள். பெரியவர்கள் பலர் மனத்தில் வைத்திருக்கும் கேள்வி இது. கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினோம்.

கொள்முதல் கிலோ ரூ.20. லாரி வாடகை ரூ.3, ஏற்றுகூலி இறக்குகூலி ரூ.1. ஆக ரூ.24. 50 கிலோ மூட்டைக்கு அடக்கம் ரூ.1,200. அதில் அழுகலும் சருகுமாக 2 கிலோ கழிந்தால் மீதி 48 கிலோ. 1,200-ஐ 48-ஆல் வகுக்கச் சொன்னோம். ரூ.25 என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கடை வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் என்று கிலோவுக்கு ரூ.2 சேர்த்தால் ரூ.27. நமக்கு நிற்பது ரூ.1. “அவ்வளவுதானா?” என்று சிறுமி கேட்டபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. சில்லறை எடை போடும் மின்னணுத் தராசின் அருகே நின்ற ஒரு சிறுவன், “தாத்தா, தட்டில் ஒன்றுமே இல்லை, 50 கிராம் காட்டுதே” என்றான். தட்டுக்கு அடியில் சருகும் மண்ணும் சேர்ந்திருந்தன. காலையிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. 50 கிராம் என்றால் ரூ.28 விலையில் ரூ.1.40. நாம் சொன்ன நியாயமான லாபத்தைவிட அந்தத் தவறு பெரியது! பிள்ளைகள் முன்னாலேயே தவற்றை ஒப்புக்கொண்டு, தட்டைத் துடைத்து, பூஜ்யம் காட்டிய பிறகே எடை போட்டோம்.

ஆகவே உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்:

1. லாரி இறங்கி நெரிசல் ஓய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

2. தராசை முதல் நாளே சரிபாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். அந்த முத்திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

3. இலவசமாக எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். கால் கிலோவானாலும் அவர்களே விலை கேட்டு, காசு கொடுத்து, பில்லும் மீதியும் வாங்கட்டும்.

4. சுமை தூக்கும் தொழிலாளரையும் கணக்கு எழுதுபவரையும் பேசச் சொல்லுங்கள். விலைக்குள் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

வியாபாரி என்றாலே பதுக்குபவன், எடை குறைப்பவன் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அது சரியல்ல என்று மேடையில் சொல்லிப் பயனில்லை. கணக்கையும் தராசையும் அவர்கள் முன் திறந்து வைப்போம். நம் தராசை அவர்கள் சரிபார்த்தால் அதுவும் நமக்கு நன்மையே.