சீன உணவிலும் மருந்திலும் மெல்லோட்டாமை

ஆமை என்றதும் கல்லை ஒத்த ஓடே நம் நினைவுக்கு வரும். ஆயினும் கெட்டித் தகடுகள் இன்றி, தோல் போர்த்த ஓட்டுடன் நன்னீரில் வாழும் ஆமைகளும் உண்டு. இவற்றை மெல்லோட்டாமைகள் எனலாம். நம் ஊர்க் குளங்களில் காணும் பாலாமையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

சீனத்தில் இதன் இறைச்சி நெடுங்காலமாக விருந்துப் பொருள். கி.மு. 605இல் செங் நாட்டு மன்னருக்குப் பெரிய ஆமை ஒன்று காணிக்கையாக வந்தது. விருந்தில் ஒரு பிரபுவுக்கு மட்டும் மன்னர் பங்கு தரவில்லை. அவர் சினந்து, பானையில் விரல் தோய்த்துச் சுவைத்துவிட்டு வெளியேறினார். அப்பகை மன்னரின் கொலையில் முடிந்தது. உரிமையற்றதில் கைவைப்பதைச் சீனர் இன்றும் 'விரல் தோய்த்தல்' என்றே கூறுகின்றனர்.

ஓட்டின் ஓரத்திலுள்ள கொழகொழப்பான பகுதிக்குப் 'பாவாடை விளிம்பு' என்று பெயர்; அதுவே மிகச் சுவையானது என்பர். ஆமையைக் கோழியுடன் சேர்த்துச் சமைப்பதும் உண்டு. சீனத்தில் 'ஆமை, கோழி' என்னும் சொற்கள் 'காதலியைப் பிரிதல்' என்பதுபோல் ஒலிக்கும். ஆகவே வீரன் ஒருவன் காதலியிடம் விடைபெறும் புகழ்பெற்ற நாடகத்தின் பெயரையே அவ்வுணவுக்குச் சூட்டியுள்ளனர்.

மருந்தாவது முதுகோடு. அதைச் சுடுமணலில் வறுத்து, காடியில் தோய்த்து, உடைத்துக் கஷாயமாக்குவர். உட்காய்ச்சல், இரவு வியர்வை, வயிற்றுக் கட்டி ஆகியவற்றுக்கு இதனைத் தருவது மரபு. லீ ஷீசென் 1578இல் எழுதி முடித்த பெரும் மருந்து நூலிலும் இதற்கு இடமுண்டு. இறைச்சியில் புரதம் மிகுதி என்பது உண்மை. ஆனால் புற்றுநோயைத் தீர்க்கும் என்று பரப்பப்படும் கூற்று நிறுவப்படவில்லை. புரதமோ வேறு பல உணவுகளிலும் எளிதிற் கிடைப்பது.

இன்று சீனப் பண்ணைகளில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஆமைகள் வளர்க்கப்படுகின்றன. அவ்வாறாயின் ஆற்று ஆமைகள் பிழைத்திருக்க வேண்டுமன்றோ? காட்டு ஆமைக்கே வீரியம் மிகுதி என்னும் நம்பிக்கை அதற்குத் தடையாயிற்று. வேட்டையாலும் வாழிடம் அழிந்ததாலும் யாங்சி ஆற்றின் பெரிய மெல்லோட்டாமை அருகிவிட்டது. சூசோ விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த பெண் ஆமை 2019 ஏப்ரலில் இறந்தது. சீனத்தில் அறியப்பட்ட கடைசிப் பெண் ஆமை அதுவே.

இதன் விளைவு நம் ஆறுகளையும் எட்டியுள்ளது. கங்கைச் சமவெளியிலிருந்து ஆமைகள் வங்கத்தின் வழியாகக் கிழக்கே கடத்தப்படுகின்றன. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட ஆமைகள் பிடிபட்டன. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அழுகும் உடல்களைத் தின்று நீரைத் துப்புரவு செய்யும் என்பதற்காகவே, கங்கைச் செயல் திட்டத்தின்கீழ் வாரணாசியில் மெல்லோட்டாமைகளை வளர்த்து ஆற்றில் விட்டனர். கங்கைக் கரையிலும் யமுனைக் கரையிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வுயிர் அயலானது அன்று. ஆற்றில் இருக்கும்போது அது செய்யும் பணி கண்கூடு. கஷாயத்தில் அது தரும் பயனோ இன்னும் நம்பிக்கை அளவிலேயே நிற்கிறது.