செயலி வாங்குவதா, காத்திருப்பதா?

படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவன் புதிய மேசைக்கணினி வாங்க விரும்புகிறான். பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து 1,500 ரிங்கிட் சேர்த்துவிட்டான். மீதித் தொகையைத் தருவதாகத் தந்தை கூறியிருக்கிறார். கடைக்குப் புறப்படும் வேளையில் நண்பன் தடுக்கிறான். “அடுத்த தலைமுறைச் செயலி விரைவில் வரப்போகிறதாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்!” என்கிறான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதும் பழமொழிதான். அம்மாணவன் எதைப் பின்பற்றுவது?

செயலி என்பது கணினியின் மூளை. நாம் இடும் கட்டளைகளைப் படித்துக் கணக்கிட்டு நிறைவேற்றுவது அதுவே. இன்டெல் நிறுவனம் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகளிலோ பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை இரு மடங்காகும் என்று கார்டன் மூர் 1975இல் கணித்தார். அந்த வேகம் இப்போது தணிந்திருந்தாலும், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, ‘இதைவிடச் சிறந்தது வரட்டும்’ என்று காத்திருப்பவர் ஒருநாளும் கணினி வாங்க முடியாது. சரியான முடிவெடுக்க மூன்று கேள்விகள் உதவும்.

முதல் கேள்வி, இப்போதுள்ள கணினி நம் தேவையை நிறைவேற்றுகிறதா என்பதாகும். கட்டுரை எழுதுவதற்கும் இணையவழிப் பாடத்திற்கும் அதிவேகச் செயலி வேண்டியதில்லை. பழைய வன்தட்டை அகற்றிவிட்டுத் திடநிலை வட்டைப் பொருத்தினாலே பல கணினிகள் சுறுசுறுப்பாக இயங்கும். ஆனால், சில வேளைகளில் காத்திருக்க இயலாது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 இயங்குதளமோ, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. அத்தகைய கணினியை வைத்திருப்பவர் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி, அடுத்த தலைமுறை உண்மையிலேயே பெரிய மாற்றத்தைத் தருமா என்பதாகும். 2017ஆம் ஆண்டைப் பார்ப்போம். அவ்வாண்டு ஜனவரியில் வெளிவந்த இன்டெலின் கோர் ஐ7-7700கே செயலியில் நான்கு கருக்கள் இருந்தன. ஒரு செயலியில் உள்ள கருக்கள், ஒரே சமையலறையில் வேலை செய்யும் சமையற்காரர்களைப் போன்றவை. ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பங்கிட்டுச் செய்யும். மார்ச் மாதத்தில் ஏஎம்டி நிறுவனம் எட்டுக் கருக்கள் கொண்ட ரைசன் 7 செயலிகளை வெளியிட்டது. அக்டோபரில் இன்டெலும் ஆறு கருக்கள் கொண்ட செயலியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் பொறுத்திருந்தவர் பெரும்பயன் அடைந்தார். மாறாக, 2022இல் வந்த இன்டெலின் 13ஆம் தலைமுறைக்கும் 2023இல் வந்த 14ஆம் தலைமுறைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஓராண்டு காத்திருந்தவருக்குச் சிறிதளவு வேகமே கூடுதலாகக் கிடைத்தது.

மூன்றாம் கேள்வி, செயலி மாறினால் வேறு எவையெல்லாம் மாற வேண்டும் என்பதாகும். செயலி, தாய்ப்பலகையில் உள்ள ‘சாக்கெட்’ எனும் பொருத்துவாயில் அமர்கிறது. பொருத்துவாய் மாறினால் தாய்ப்பலகையும் மாற வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ1700 பொருத்துவாய் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் செயலிகளுக்கு அது பொருந்தாது. ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்துவாயோ நீண்ட காலம் நீடித்தது. 2017இல் தாய்ப்பலகை வாங்கியவர்களுள் பலர், அதிலுள்ள மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த செயலியையும் பொருத்திக்கொண்டனர். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 பொருத்துவாய், டிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 நினைவகம் கையில் இருந்தாலும் பயனில்லை. எனவே, செயலியின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

புதியது வந்தவுடன் பழையதன் விலை குறைவதுண்டு என்பது உண்மையே. ஆயினும், அது எப்போதும் உறுதியன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, புதிய செயலிகள் கடைகளில் கிடைப்பதே அரிதாக இருந்தது. வெளியீட்டு நாளையும் விலையையும் நிறுவனமே அறிவித்து, அந்நாளும் நெருங்கிவிட்டால் காத்திருக்கலாம். வெறும் வதந்தியை நம்பிக் காத்திருப்பது பயன் தராது.

இனி, நம் மாணவனின் நிலைக்கு வருவோம். அவனது கணினியில் உள்ளது ஆறாம் தலைமுறைச் செயலி. பள்ளிக்கான காணொளியைத் தொகுக்கும்போது அது அடிக்கடி நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு அவன் எஸ்பிஎம் தேர்வு எழுதவிருக்கிறான். நண்பன் சொன்ன செயலிக்கோ இன்னும் வெளியீட்டு நாள் அறிவிக்கப்படவில்லை. அவன் மூன்று கேள்விகளையும் தாளில் எழுதி, விடைகளைத் தந்தையிடம் காட்டுகிறான். விலை உயர்ந்த செயலியைத் தவிர்த்து, நடுத்தரச் செயலியையும் பின்னாளில் மேம்படுத்தக்கூடிய தாய்ப்பலகையையும் வாங்க இருவரும் முடிவு செய்கின்றனர். அவனுடைய நண்பனின் கணினி இன்னும் நன்றாக இயங்குகிறது. ஆதலால், அவன் காத்திருப்பதும் சரியே. இருவரின் தேவையும் வேறு. ஆகவே முடிவும் வேறு.