கார்னரில் நிற்பவரின் முழங்கால்

ரைடர் பாடி வந்து யாரையும் தொடாமல், போனஸும் எடுக்காமல் திரும்பினால் கபடியில் பொதுவாக யாருக்கும் புள்ளி கிடையாது. போனஸ் கோட்டைக் கடக்கவிடாமல் அவரை வெறுங்கையோடு அனுப்பிய, ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆஸ்திரேலியாவின் ரக்பி லீகில் முன்வரிசை ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் எத்தனை பேரை மடக்கி வீழ்த்தினார் என்பதை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்கிறார்கள். ரைடரை வெறுங்கையோடு அனுப்பும் நம் பிடிகாரர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரரான தர்மராஜ் சேரலாதன் அப்படி ஒரு பிடிகாரர். 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அணித்தலைவர் அவர்தான். ஆனால் அந்த அணி என்றதும் பலருக்கு ரைடர் பர்தீப் நர்வால்தான் நினைவுக்கு வருகிறார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். அப்போதே நாற்பதைத் தாண்டியவர். அதன் பிறகும் புனே, மும்பை, ஹரியாணா, ஜெய்ப்பூர் என்று அணிகள் அவரை அழைத்துக்கொண்டே இருந்தன. தமிழ் தெரியாத வீரர்களுக்கும் அவர் 'அண்ணா'. அவசரப்பட்டுப் பாயாமல், ரைடரின் கால் ஊன்றும் நொடிவரை காத்திருந்து கணுக்காலைப் பிடிப்பவர். இந்தப் பொறுமைக்குத்தான் அத்தனை அழைப்புகளும்.

அத்தனை ஆண்டு ஒரு முழங்கால் தாங்குவது எல்லோருக்கும் வாய்க்காது. என் கவலையெல்லாம் அதில்தான்.

தேசியப் போட்டிகளில் புதுச்சேரி தனி அணியாக இறங்குகிறது. அந்த அணிச் சட்டைக்காகப் புதுச்சேரியின் உப்பளம் பக்கம் மாலையில் பழகும் பையன்களில் ஒருவன், இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் சுற்றிப் பல்லால் கிழித்தான். முழங்காலில் போட்டிருந்த நீ-கேப் எலாஸ்டிக் தளர்ந்து வழுக்கியது. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். மண்ணில் வெறுங்கால் சறுக்கிக்கொடுக்கும். மேட் விரிப்பில் ரப்பர் ஷூ பிடித்து நிற்கும். உடம்பு ஒரு பக்கம் திரும்ப, பாதம் நகராது. அதற்குள் கவர் ஆட்டக்காரரும் இன்னும் இரண்டு பேரும் மேலே வந்து விழுவார்கள். அப்போதுதான் உள்ளே தசைநார் அறுகிறது.

ரைடர்தான் கூட்டத்தை இழுக்கிறார், பணம் அவருக்குப் போவது நியாயம் என்பார்கள். இருக்கட்டும். 2022 புரோ கபடி ஏலத்தில் 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் வாங்கிய ரைடர் பவன் செராவத்துக்கு என்ன ஆனது? முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அவர் விழுந்தது பாடப் போனபோது அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனபோது. ஆனால் அவருக்கு நல்ல சிகிச்சை கிடைத்தது, அடுத்த ஆண்டே களத்துக்குத் திரும்பினார். உப்பளத்துப் பையனுக்கு ஏ.சி.எல். என்னும் முழங்கால் தசைநார் அறுந்தால், அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கில் பயிற்சியும் வீட்டார் தலையில் விழும். ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த வயதும் அதற்குள் கடந்துவிடும்.

ஊர்ப் போட்டி நடத்துபவர்கள் நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே, ஏழு பேருக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் விபத்துக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். அதன் ரசீது கையில் இல்லாத அணியைக் களத்தில் இறக்கக் கூடாது.