மைக்ரோன்களில் ஒரு தொழில்

பாமன்கடையை ஒட்டி ஓடும் கால்வாயில் நீர்ச்செடிகள் மண்டிவிட்டால் அவற்றை அள்ள ஒரு பெக்கோ வரும். அதன் கை ஒரே வீச்சில் அள்ளிப் போடும் சேற்றையும் செடியையும் பார்ப்பவர்கள், இந்த வலுவெல்லாம் பின்பக்கம் உறுமும் டீசல் எஞ்சினிலிருந்து வருகிறது என்று எண்ணுவார்கள். வலுவின் ஊற்று எஞ்சின்தான். ஆனால் அது செய்யும் வேலை ஒரு தண்டைச் சுழற்றுவதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சுழற்சியை எண்ணெயின் ஓட்டமாக மாற்றி, இறப்பர்க் குழாய்கள் வழியே கைக்கும் வாளிக்கும் அனுப்புவது எஞ்சினோடு பொருத்தப்பட்ட ஹைட்ரோலிக் பம்பி. அந்த ஓட்டத்தை வாங்கி மறுபடியும் சுழற்சியாக்கிச் சங்கிலிச் சில்லுகளை உருட்டுவதும், மேற்கட்டைத் திருப்புவதும் ஹைட்ரோலிக் மோட்டர்கள். மாநகர சபையின் குப்பை அமுக்கும் லொறி, மணல் கொட்டும் டிப்பர், துறைமுகத்தின் போர்க்லிப்ட், சேர்விஸ் நிலையத்தில் காரைத் தூக்கும் மேடை என்று கொழும்பில் பாரமான எதை நகர்த்தினாலும் இந்த இரண்டில் ஒன்றாவது அங்கே இருக்கும். அவற்றைச் செய்யும் தொழிலை நாம் கனரகத் தொழில் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரும்பும் நிலக்கரியும் பெருமுதலும் உள்ள நாடுகளின் சொத்து என்று விட்டுவிட்டோம். அந்தக் கணிப்பு தவறு என்பது என் வாதம். இது எடையின் தொழிலே இல்லை, இடைவெளியின் தொழில்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பம்பி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பம்பி அமுக்கத்தை உண்டாக்குகிறது என்பது பலருடைய நினைப்பு. அது உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. வெளியே போகும் எண்ணெய்க்குத் தடை ஒன்றும் இல்லாவிட்டால், பம்பி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அமுக்கம் ஏறாது. வாளி சேற்றில் சிக்கி, எண்ணெய் போக வழியின்றி முட்டும்போதுதான் அமுக்கம் ஏறுகிறது. 20 தொன் எடையுள்ள பெக்கோவில் அது 350 பார் வரை போகும். டயர்க் கடைக் கணக்கில் ஏறக்குறைய 5,000 பிஎஸ்ஐ. கார் டயருக்கு நாம் அடிப்பது 30. இந்த அமுக்கத்தில் எண்ணெய் 120 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிலிண்டருக்குள் போனால், அதன் பிஸ்டன் ஏறத்தாழ 40 தொன் விசையோடு தள்ளும். அதே அளவு பருமனுள்ள மின்மோட்டர் எதுவும் இந்த விசைக்குக் கிட்ட வராது. பெக்கோவின் கை மெலிந்து நீண்டு இருக்க முடிவது இதனால்தான்.

இப்படிப்பட்ட பம்பிகள் மூன்று குடும்பங்கள். இரண்டு பற்சில்லுகள் ஒன்றையொன்று கௌவிச் சுழல, பற்களுக்கு நடுவே எண்ணெய் சிக்கிப் பயணிப்பது கியர்ப் பம்பி. மலிவானது, முரட்டுத்தனமானது, டிப்பர்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் போதுமானது. சுழலியின் வெட்டுக்களில் வழுக்கி வெளியே வரும் தகடுகள் எண்ணெயை வழித்துத் தள்ளுவது தகட்டுப் பம்பி. அமெரிக்காவின் ஹரி விக்கர்ஸ் 1925இல் அதன் இருபுறமும் அமுக்கம் சமப்படும்படி வடிவமைத்தார். அதனால் பெயாரிங்குகள் நெடுநாள் தாக்குப்பிடித்தன. மூன்றாவதுதான் பெக்கோவின் இதயம்: அச்சுவழிப் பிஸ்டன் பம்பி. சுழலும் உருளைக் கட்டை ஒன்றில் வட்டமாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு பிஸ்டன். பிஸ்டன்களின் கால்கள் சரிந்து நிற்கும் ஒரு தட்டில் வழுக்கி ஓடுகின்றன. கட்டை ஒரு முறை சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும், எண்ணெயை உறிஞ்சித் தள்ளும். தட்டின் சரிவைக் கூட்டினால் ஓட்டம் கூடும், குறைத்தால் குறையும். பிஸ்டன்கள் பெரும்பாலும் 7 அல்லது 9 என ஒற்றை எண்ணில் இருப்பதற்கு அழகான காரணம் உண்டு. ஒற்றை எண்ணில் இருந்தால் ஒரு பிஸ்டனின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து ஓட்டத்தின் துடிப்பு அடங்கிவிடும். 8 பிஸ்டன்கள் உள்ள பம்பியில் ஓட்டம் ஏறக்குறைய 7.8 வீதம் ஏறி இறங்கும். 9 ஆக்கினால் அது 1.5 வீதமாகிவிடுகிறது.

சரிவைக் கூட்டிக் குறைக்கும் வசதி வெறும் ஆடம்பரம் இல்லை. 110 கிலோவாற்று எஞ்சின் உள்ள பெக்கோவின் இரண்டு பம்பிகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 400 லீற்றருக்கு மேல் தள்ளக்கூடியவை. அத்தனையையும் 350 பாரில் தள்ள 230 கிலோவாற்றுக்கு மேல் வேண்டும். எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். ஆகவே அமுக்கம் ஏற ஏற பம்பி தானாகவே தட்டை நிமிர்த்தி ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெறும் கையை வீசும்போது வேகம், மண்ணைக் கிழிக்கும்போது மெதுவான பெருவிசை. மோட்டர் என்பது இதே இயந்திரம் மறுதிசையில் வேலை செய்வது. எண்ணெயை உள்ளே திணித்தால் பிஸ்டன்கள் சரிதட்டைத் தள்ளித் தண்டைச் சுழற்றும். ஆனால் நின்ற இடத்திலிருந்தே முழுச் சுமையோடு புறப்படவும் இரு திசையிலும் சுழலவும் வேண்டியிருப்பதால் மோட்டரின் உட்பரப்புகள் இன்னும் கூடிய சோதனைக்கு ஆளாகின்றன.

இப்போது இடைவெளிக்கு வருவோம். துளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள வெளி பத்து, இருபது மைக்ரோன்தான்; ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே இறப்பர் வளையம் கிடையாது. உருக்கும் வெண்கலமும், நடுவில் எண்ணெய்ப் படலமும், அவ்வளவுதான். வெளி மிகக் குறுகினால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தில் உரசிப் பற்றிக்கொள்ளும். கூடினால் எண்ணெய் பின்வழியாக ஒழுகும். இந்த ஒழுக்கு வெளியின் அளவோடு நேராகக் கூடுவதில்லை. அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. பத்து மைக்ரோன் தேய்வு என்பது அளக்கவே கடினமான ஒன்று. ஆனால் அதுதான் நல்ல பம்பியையும் பழைய இரும்பையும் பிரிக்கிறது. எண்ணெயின் தூய்மையும் இதே கணக்கில் வரும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் துகள் சுமார் 40 மைக்ரோன். பம்பியைக் கொல்லும் துகள்கள் அதைவிடச் சிறியவை. கையில் ஊற்றிப் பார்த்து "எண்ணெய் கிளீன்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒரு மில்லிலீற்றர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று எண்ணிக் குறியிடும் ஐஎஸ்ஓ 4406 நியமம் இதற்காகவே இருக்கிறது.

வரலாறும் இதையே சொல்கிறது. அடைபட்ட திரவத்தில் அமுக்கம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற விதியை பிரான்சின் பஸ்கல் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டுவிட்டார். அதை வைத்து வேலை செய்யும் அமுக்கி வர 1795 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அதற்குக் காப்புரிமை பெற்றார். அறிவுக்குப் பஞ்சமிருந்த காலம் இல்லை அது. பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிடுவதை நிறுத்தத் தெரியவில்லை. அமுக்கம் ஏற ஏறத் தானே இறுகும் தோற்கிண்ண அடைப்பைச் செய்து அதைத் தீர்த்தவர் என்று சொல்லப்படுபவர் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மோட்ஸ்லி. அதே மோட்ஸ்லிதான் பின்பு துல்லியமான திருகுகளை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர். இந்த இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த நூறு ஆண்டுகள் தண்ணீரே ஆண்டது. லண்டனில் 1883 முதல் 1977 வரை ஒரு நிறுவனம் உயரமுக்கத் தண்ணீரைத் தெருக்களுக்கு அடியில் குழாயில் விற்றது. ஆனால் தண்ணீர் துருவேற்றும், உராய்வைத் தணிக்காது. 1906 வாக்கில் அமெரிக்கர்களான வில்லியம்ஸும் ஜன்னியும் போர்க்கப்பல் பீரங்கிகளைத் திருப்ப எண்ணெயில் இயங்கும் பிஸ்டன் பம்பியையும் மோட்டரையும் இணைத்தார்கள். உலோகம் உலோகத்தோடு மைக்ரோன் வெளியில் வாழலாம் என்றானது அதன் பிறகுதான்.

நமக்கு அருகிலுள்ள சான்று கோயம்புத்தூர். அங்கே இரும்புச் சுரங்கமோ துறைமுகமோ இல்லை. ஆழமான கிணறுகளும், தண்ணீருக்கு ஏங்கிய வயல்களும், பஞ்சாலைகளைப் பழுதுபார்த்த பட்டறைகளும் இருந்தன. 1926இல் பிஎஸ்ஜி தொழிற்பள்ளி தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டரை உருவாக்கினார்கள். இன்று இந்தியாவின் நீர்ப்பம்பிகளில் ஏறக்குறையப் பாதி அந்த வட்டாரத்திலிருந்து வருகிறது. இந்தக் கதையை எல்லோரும் முயற்சியின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 1987இல் உற்பத்தியாளர் சங்கம் முன்னின்று அமைத்த சிட்டார்க் என்ற சோதனை நிலையம். சின்னப் பட்டறைக்காரரும் தன் பம்பியைக் கொண்டுபோய் அளந்து, சான்றோடு திரும்பலாம். போட்டிக்காரர்கள் பொதுவாக ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டதுதான் ஊரையே உயர்த்தியது.

ஆனால் நீர்ப்பம்பி வேறு, ஹைட்ரோலிக் பம்பி வேறு என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்பு. நீர்ப்பம்பி சில பார் அமுக்கத்தில் வேலை செய்வது. அதன் சுழலிக்கும் உறைக்கும் நடுவே மைக்ரோன் கணக்கு வேண்டியதில்லை. அதனால்தான் இந்தியாவில் ஹைட்ரோலிக் பம்பித் தொழில் கோயம்புத்தூரைவிடப் பெங்களூரில் வலுவாக வேரூன்றியது என்று கருதுகிறேன். அங்கே 1940இலேயே விமானத் தொழிற்சாலையும், 1953இல் எச்எம்டி இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் வந்துவிட்டன. அளவைத் தொழிலாகக் கொண்ட ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் உருவாகிவிட்டார்கள். ஜப்பானின் யூக்கன் 1976இல் அங்கே கூட்டு நிறுவனம் அமைத்தது. கியர்ப் பம்பி செய்த டைனமாட்டிக் 2007இல் இங்கிலாந்தின் சுவிண்டனில் இருந்த பழைய பம்பித் தொழிற்சாலையையே வாங்கியது. வார்ப்படத் திறன் கோயம்புத்தூரை நீர்ப்பம்பிவரை கொண்டுபோனது. அதற்கு அப்பால் கொண்டுபோக அளவைத் திறன் வேண்டியிருந்தது.

இலங்கைக்கு அந்த முதற்படி புதிதல்ல. 1905இல் தொடங்கிய ஜினசேன நிறுவனம் பல தசாப்தங்களாக நீர்ப்பம்பி செய்துவருகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலாவின் இடத்தைப் பம்பி பிடித்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். சந்தை சிறிது, இறக்குமதி மலிவு, இங்கே செய்து யாருக்கு விற்பது என்பது அடுத்த மறுப்பு. உள்நாட்டுச் சந்தையை மட்டும் நம்பினால் அது சரியான கேள்விதான். ஆனால் போர்க்லிப்டுகளுக்கான திண்ம டயரில் இலங்கை உலகின் முன்னணி ஏற்றுமதியாளர்களில் ஒன்று. அந்தத் தொழிலைப் பெல்ஜிய நிறுவனத்தோடு சேர்ந்து வளர்த்தவர்களில் அதே ஜினசேனவும் ஒருவர். இறப்பர் நம் மண்ணில் விளைகிறது, அதனால் முடிந்தது என்பீர்கள். கார்களின் காற்றுப்பைகளுக்கான உணரிகளும் இங்கிருந்து வெளிநாட்டுக் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போகின்றன. அவற்றின் மூலப்பொருள் எதுவும் இங்கே விளைவதில்லை. ஒரு துண்டுகூடப் பிழைக்கக்கூடாத வேலையை இந்த நாட்டுக் கைகள் செய்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மின்சாரம் வந்து ஹைட்ரோலிக்கை ஒழித்துவிடும், சாகப்போகும் தொழிலில் ஏன் இறங்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு நல்ல பிஸ்டன் பம்பி தான் வாங்கும் வலுவில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தந்தாலும், வால்வுகளில் நெரிபட்டுச் சூடாகி வீணாகும் வலு மிக அதிகம். அது ஹைட்ரோலிக் முறையின் பெரிய குறை. காரின் ஸ்டியரிங் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. அது திரும்பி வராது. ஆனால் இப்போது விற்பனையாகும் மின்கல பெக்கோக்களில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால், டீசல் எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டர் இருக்கும், அதன் முனையில் அதே பம்பி இருக்கும். மின்கலத்தின் விலை அதிகம் என்பதால் வீணாகும் ஒவ்வொரு கிலோவாற்றும் கணக்குக்கு வந்து, நல்ல பம்பியின் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்க ஸ்டீபன் சோல்ற்றர் தொடங்கிய ஆய்விலிருந்து, ஒவ்வொரு பிஸ்டனையும் கணினி தனித்தனியே இயக்கும் பம்பி பிறந்தது. தேவையில்லாத பிஸ்டன் அதில் சும்மா இருக்கும், வலு மிஞ்சும்.

ஆகவே எங்கே தொடங்கலாம் என்பதுதான் மிஞ்சுகிறது. புதிய பம்பி செய்யும் பெருந்தொழிற்சாலையை நான் கேட்கவில்லை. பஞ்சிகாவத்தையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் நாள்தோறும் பம்பிகள் கழற்றப்படுகின்றன. சீல் மாற்றப்படுகிறது, பெயாரிங் மாற்றப்படுகிறது, திருப்பிப் பூட்டப்படுகிறது. அந்தக் கைகளில் திறமைக்குக் குறைவில்லை. குறைவது துளையின் விட்டத்தை மைக்ரோனில் அளக்கும் கருவி, வெண்கலப் பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தும் தட்டு, தூசியில்லாத ஓர் அறை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சோதனை மேடை. 1959இலிருந்து கம்மியர்களைப் பயிற்றும் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் ஒரே நகரில் இருக்கின்றன. கோயம்புத்தூரின் சிட்டார்க் போலப் பட்டறைகள் எல்லாம் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஒரு பொது மேடையை அங்கே வைப்பது எந்த அரசுக்கும் பெரிய செலவாக இருக்காது. பம்பியை முழு அமுக்கத்தில் ஓட்டி, அதன் உறையிலிருந்து ஒழுகும் எண்ணெயை நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பம்பியோடு கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் அந்தத் தாளைக் காட்டி விலை கேட்கலாம். பெக்கோ வைத்திருப்பவர் அதே தாளைக் காட்டி, அடுத்த ஆண்டு அந்த எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்கலாம்.