மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள்: ஜவ்வாது மலைக் குடிநீரை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இங்கு மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். மருந்துக் கடைகள் அரிதான மலையூர்களில் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் பரவ வாய்ப்பில்லை எனக் கருதுவது இயல்பு. அக்கருத்து ஏன் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எதிர்ப்பாற்றல் பரவும் முறை

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தை ஒருவர் உட்கொள்ளும்போது, அம்மருந்துக்கு மடியும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. எதிர்ப்பாற்றல் உடையவை குடலில் எஞ்சிப் பெருகுகின்றன. எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் அமைந்துள்ளன. இவ்வளையங்கள் ஓரினப் பாக்டீரியாவிலிருந்து வேறினப் பாக்டீரியாவுக்கும் கடக்க வல்லவை. எனவே, குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலையும் நோய்க்கிருமிக்கு இவ்வாற்றலை வழங்கக்கூடும்.

மலத்தின்வழி வெளியேறும் இப்பாக்டீரியாக்கள் மழைநீரோடு ஊற்றையோ திறந்த கிணற்றையோ அடைந்தால், மருந்தே உண்ணாதவரின் குடலிலும் குடியேறலாம். அப்போது நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. பின்னாளில் சிறுநீர்த் தொற்றோ குருதித் தொற்றோ ஏற்படும்போதுதான் வழக்கமான மருந்து பயனளிக்காமை புலப்படும்.

புதுதில்லி தரும் சான்று

குடிநீர் இதற்கு வழியாகும் என்பதற்குப் புதுதில்லி ஆய்வு சான்றாகும். டிமோத்தி வால்ஷ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட அவ்வாய்வில், 50 குடிநீர் மாதிரிகளுள் 2-இலும், தெருக்களில் தேங்கிய கசிவுநீரின் 171 மாதிரிகளுள் 51-இலும் என்.டி.எம்-1 மரபணு கண்டறியப்பட்டது. கடுந்தொற்றுகளுக்கு இறுதி நிலையில் வழங்கப்படும் கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது இம்மரபணுவே. குழாய்வழி வழங்கப்படும் நகரக் குடிநீரின் நிலையே இதுவெனில், காப்பற்ற ஊற்றுநீரைப் பருகுவோர்க்கு இடர் இல்லை எனக் கொள்ள இயலாது.

பரிசோதனையின் எல்லை

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரப்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை காணப்படுதல் கூடாது. ஆயின், இத்தரம் கோரும் சோதனை அதன் இருப்பை மட்டுமே உணர்த்தும். அது எம்மருந்தை எதிர்க்கும் என்பதை உணர்த்தாது. இக்குறையை நீக்கும் வகையில், உலக சுகாதார நிறுவனத்தின் ‘டிரைசைக்கிள்’ நெறிமுறை (2021), மருந்தெதிர்ப்பு ஈ.கோலையை மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றிலும் ஒருசேரக் கண்காணிக்க வழிகாட்டுகிறது.

முடிவுரை

மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர் எதிர்ப்பிகளை விற்பதைத் தடுத்தல் இன்றியமையாதது. எனினும், மலையூர்களுக்கு அது மட்டும் போதாது. கிணறுகளைக் காத்தல், கழிப்பறைக் குழிகளை நீர்நிலைகளிலிருந்து விலக்கி அமைத்தல், முறையாகக் குளோரின் இடுதல் ஆகியனவும் மருந்தெதிர்ப்புத் தடுப்பின் கூறுகளே. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா கொதிநீரை எதிர்ப்பதில்லை. ஆதலின் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல் ஒவ்வொரு வீட்டிற்கும் உடனடிக் காப்பாகும்.