கரை ஒதுங்கியவை – 6: கரிந்த ஜவ்வரிசி

2021 மே கடைசியில், கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள சரக்குவக் கரையில் யாரோ மூட்டை மூட்டையாக ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. மே 20 அன்று தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் சரக்கு அது. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. குடமும் வாளியும் பையும் இதை உருக்கித்தான் செய்கிறார்கள்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்தது மைக்ரோபிளாஸ்டிக் என்று போன வாரம் பார்த்தோம். மணலில் கிடப்பதை எப்படி எண்ணுவது?

எங்கே அள்ளுகிறோம் என்பதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும். பாசியும் சிப்பியும் ஒதுங்கிய அலைக்கோட்டில் குவிந்திருக்கும். பத்தடி தள்ளினால் ஒன்றுகூட இராது. அதனால் அரை மீட்டர்ச் சதுரச் சட்டம் வைத்து, மேல்மணலை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எஃகுக் கரண்டியால் எடுக்கிறார்கள். பெரியவை சல்லடையில் சிக்கும். சிறியவற்றுக்கு உப்புக் கரைசல். விதைநெல்லை உப்புநீரில் போட்டுப் பதர் நீக்கும் அதே வித்தைதான்: மணல் அடியில் தங்க, பிளாஸ்டிக் மிதக்கும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதக்காது. இனி கரையவே கரையாது என்னும் அளவுக்கு உப்பு போட்டாலும் கரைசலின் அடர்த்தி 1.2தான். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வரும். தண்ணீர் பாட்டிலின் பெட் 1.38, மணலோடு அமுங்கிவிடும். துத்தநாகக் குளோரைடு கரைசல் அதையும் தூக்கும், ஆனால் விலையும் அதிகம், நஞ்சும்கூட. ஆகவே ‘இந்தக் கரையில் பெட் இல்லை’ என்று ஓர் அறிக்கை சொன்னால், எதில் மிதக்கவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

பிறகு தரம்பிரித்தல்: குருணை, சில்லு, நூல், படலம், நுரை. நூல்தான் தொல்லை பிடித்தது. எண்ணுபவரின் சட்டையிலிருந்தே உதிரும். பருத்தி அங்கி அணிந்து, பக்கத்தில் வெறும் தட்டொன்றைத் திறந்துவைத்து, அதில் விழுவதையும் எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

சரக்குவவில் இந்த வகைப்பாடே திணறியது. தீயில் சில குருணைகள் சாம்பல் நிறமாயின. சில உருகி ஒட்டிக் கரிய கட்டிகளாயின. கட்டி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் விதிப்படி அது ‘மைக்ரோ’ இல்லை. விரலால் நசுக்கினால் நொறுங்கி நூறு மைக்ரோ ஆகிவிடும்! எண்ணிக்கையில் ஒன்றா, நூறா? எடைபோடுவதே நியாயம் என்பேன். எரிந்தவற்றின் வேதிக்கலவை எரியாததைவிட ஏறக்குறைய 3 மடங்கு சிக்கலானது என்றும் ஆய்வில் தெரிந்தது. ஆனால் கண்ணுக்கு அது வெறும் அடுப்புக்கரி. வெள்ளையைத் தேடிக் குனிபவர் தாண்டிப் போய்விடுவார்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் குருணை ஒதுங்கியது. எரியாதவை என்பதால் வெள்ளையாகவே பளிச்சென்று கிடந்தன. மணவாளக்குறிச்சியின் கருமணலில் சரக்குவவின் கரிக்கட்டி ஒதுங்கியிருந்தால் யார் கண்ணில் பட்டிருக்கும்?

(தொடரும்)