எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நெட்வொர்க் கேபிளின் நுனியில் கண்ணாடி போன்ற சிறிய பிளாஸ்டிக் கனெக்டரைப் பார்த்திருப்பீர்கள். இதனை ஆர்ஜே45 என அழைக்கிறோம். எட்டு பின், எட்டு ஒயர், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியரான நான் இதில்தான் ஏமாந்தேன்.

கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு சுமார் 30 மீட்டர் கேட் 6 கேபிள் இழுத்து, இரு முனைகளிலும் நானே கனெக்டர் மாட்டினேன். ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என ஒயர்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தினேன். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் இன்டர்நெட் அடிக்கடி நின்றது. இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டினேன். பணம் செலவழித்து ரவுட்டரையும் மாற்றினேன். ஒருநாள் தங்கையின் ஆன்லைன் இன்டர்வியூ பாதியில் அறுந்துபோனது. "நீ போட்ட கேபிளைப் பாத்தியா அண்ணா?" என்று அவள் கேட்ட பிறகுதான் கனெக்டரை உற்றுப் பார்த்தேன்.

தவறு எங்கே?

கேபிளினுள் நான்கு ஜோடி ஒயர்கள் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு சிக்னல் ஒரே ஜோடியில் சென்றால்தான் முறுக்கின் பயனாக இரைச்சல் நீங்கும். கனெக்டரில் 1-2, 3-6, 4-5, 7-8 ஆகிய பின்கள் ஜோடிகள். நான் அமைத்ததில் 3-இல் பச்சை ஜோடியின் ஒயரும், 6-இல் நீல ஜோடியின் ஒயரும் அமர்ந்துவிட்டன. சாதாரண டெஸ்டர், ஒயர் முனைக்கு முனை சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஜோடி பிரிந்ததை அறியாது.

சரியான வரிசை

கிளிப் அடிப்பக்கமும் கேபிள் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், டி568பி முறையில் இடமிருந்து வலமாக:

1. வெள்ளை-ஆரஞ்சு
2. ஆரஞ்சு
3. வெள்ளை-பச்சை
4. நீலம்
5. வெள்ளை-நீலம்
6. பச்சை
7. வெள்ளை-பிரவுன்
8. பிரவுன்

இரு முனைகளிலும் இதே வரிசை வர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.
* கேட் 6 ஒயர் சற்றுத் தடிமனானது. அதற்குரிய கனெக்டரையே கேட்டு வாங்குங்கள்.
* கேபிளின் வெளியுறை கனெக்டருக்குள் நுழைந்த பிறகே கிரிம்ப் செய்யுங்கள்.
* 100 எம்பிபிஎஸ் வேகத்திற்கு இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கு நான்கும் தேவை. உங்கள் கம்ப்யூட்டரும் ரவுட்டரும் கிகாபிட் வகையாக இருந்தும் விண்டோஸின் ஈதர்நெட் விவரங்களில் வேகம் 100 என்று காட்டினால், முதலில் கனெக்டரைச் சந்தேகியுங்கள்.

இரண்டு புதிய கனெக்டர்களை மாட்டியதும் என் கம்ப்யூட்டரில் 1000 என்று காட்டியது. சில ரூபாய் கனெக்டரைப் பார்க்காமல் ரவுட்டரை மாற்றிய என் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.